சர்க்கரைச் சீமையில் ஒரு சித்திரக்கார அம்மையார்

பரமாரிபோவில் நான் இறங்கிய விடுதியின் வேலியோரம் ஒரு செடி என்னைப் பார்த்துச் சிரித்தது. மயில்கொன்றை! சிவப்பும் மஞ்சளுமாக, நீண்ட மீசைகளோடு, சாட்சாத் நம் ஊர் நந்தவனத்து மயில்கொன்றையேதான். 'அட, இவ்வளவு தூரம் எப்படியம்மா வந்தாய்?' என்று கேட்கத் தோன்றியது. கேட்டிருந்தால் அசடு வழிந்திருப்பேன். அமெரிக்க வெப்பப் பிரதேசம்தான் அதற்குப் பிறந்த வீடு. நம் ஊர் புகுந்த வீடு!

தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் சூரினாமுக்குப் பரமாரிபோ தலைநகரம். மரத்தால் கட்டிய வெள்ளை வெள்ளையான டச்சு வீடுகள். பக்கத்திலேயே பழுப்பு நிறமாக அகன்று ஓடும் நதி. 1699-ல் இங்கே ஓர் அம்மையார் கப்பலிலிருந்து இறங்கினார். பெயர் மேரியா ஸிபில்லா மெரியன். ஜெர்மனியில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறியவர். வயது 52. கணவரைப் பிரிந்தவர். துணைக்கு இளைய மகள். வந்த காரியம்? புழு பூச்சிகளைப் பார்த்துப் படம் எழுத! இந்தப் பயணத்துக்காகத் தம் சித்திரங்களில் 255-ஐ விற்றிருந்தார்.

தோட்டத் துரைமார்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த மண்ணில் சர்க்கரையைத் தவிர வேறு எதையாவது யாராவது தேடுவார்களா? அம்மையார் தேடினார். சேற்றிலும் குப்பையிலும் பூச்சிகள் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அவரோ பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். முட்டை, புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும், புழு தின்னும் செடியோடு சேர்த்து, ஒரே தாளில் தீட்டினார்.

கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி சிறு பறவையைத் தின்கிற படம் ஒன்று உண்டு. 'சுத்தப் புளுகு' என்றார்கள் பின்னால் வந்த பண்டிதர்கள் சிலர். அமேஸான் காடுகளில் அலைந்த பேட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், பறவையைப் பிடித்த சிலந்தியைத் தாமே கண்டதாக 1863-ல் வெளியான தம் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் அம்மையாரின் மானம் பிழைத்தது.

மயில்கொன்றைக்கு வருவோம். உடம்பு கெட்டு 1701-ல் ஊர் திரும்பியவர், 1705-ல் 60 படங்களோடு புத்தகம் வெளியிட்டார். அதில் 45-வது படம் இந்தச் செடி. உடன் ஒரு பச்சைப் புழுவும் அந்துப்பூச்சியும். அழகான படம்தான். அதற்கு அவர் எழுதிய குறிப்பைப் படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. எஜமானர்களின் கொடுமை தாளாத அடிமைப் பெண்கள் இதன் விதைகளைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்வார்களாம், பிள்ளையும் தங்களைப்போல் அடிமையாகப் பிறக்க வேண்டாமென்று. இதை அவர்கள் வாயாலேயே கேட்டதாக எழுதியிருக்கிறார்.

அம்மையாருக்குக் காட்டில் வழி வெட்டிக் கொடுத்தவர்களும் அடிமைகள்தாம். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை. சூரினாமில் அடிமை முறை ஒழிந்தது அதே 1863-ல்.

ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, வேலியோரம் முற்றிய காய்கள் வெடித்து விதைகள் சிதறிக் கிடந்தன. வீட்டுத் தோட்டத்துக்கு நாலு விதை பொறுக்கலாமென்று குனிந்தேன். ஏனோ கை வரவில்லை. வாசலில் டாக்ஸி வந்து நின்றுவிட்டது.