பம்பில் கைவைக்கும் முன் மீட்டர்

அரியலூரின் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. இன்று அந்தக் கல்லை நம்பி அரசின் டான்செம் ஆலையும், ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு ஆலைகளும் ஓடுகின்றன. சுரங்கப் பள்ளத்திலிருந்து ஆலைக்குக் கல்லாகவும், ஆலையிலிருந்து ஊர் ஊருக்கு மூட்டையாகவும் அந்தப் பாரத்தை இழுப்பவை டாரஸ் லாரிகள். அவை நோய்நொடி என்று வந்து நிற்கும் இடங்களில் ஒன்று பெரம்பலூர். டிங்கர் வேலை, லேத், ரேடியேட்டர், பேட்டரி, டீசல் பம்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கைகள் இங்கே இருக்கின்றன.

அந்தப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் கோரிக்கை ஒன்று உண்டு. “அண்ணே, ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது. பம்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க.” பம்பை ஏற்றுவது என்றால், எஞ்சினுக்குள் பீய்ச்சும் டீசலின் அளவைக் கூட்டுவது. பழைய மெக்கானிக்கல் பம்பில் ஒரு ஸ்க்ரூவைக் கால் திருகு திருகினாலே வித்தியாசம் தெரியும். 2018 ஜூலையில் மூன்று அச்சு லாரிக்கான அனுமதி எடையை மத்திய அரசு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. எடை கூடுகிறது என்ற பேச்சு வந்தாலே இழுவைப் பேச்சும் கூடவே வந்துவிடும்.

நான் போயிருந்த பட்டறையில் மூத்த மெக்கானிக் அந்த ஸ்க்ரூ பக்கமே போகவில்லை. “மீட்டர் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் கேட்டது டாஷ்போர்டில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர்ச் சூடு மீட்டரை அல்ல. அது பொய் சொல்லாது, ஆனால் தாமதமாகச் சொல்லும். எஞ்சின் பிளாக்கும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீரும் சூடேற நேரம் பிடிக்கும். முள் சிவப்பைத் தொடும்போது உள்ளே பிஸ்டன் காயம்பட்டிருக்கலாம். அவர் கேட்டது எரிந்து வெளியேறும் புகையின் வெப்பத்தைச் சில நொடிகளில் காட்டும் பைரோமீட்டரை. அதோடு டர்போ தள்ளும் காற்றழுத்தத்துக்கு ஒரு பூஸ்ட் மீட்டர், நம்பகமான ஆயில் பிரஷர் மீட்டர். இந்த மூன்றும் இல்லாமல் பம்பைத் தொடுவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் விதி.

விதிக்குக் காரணம் உலோகத்தில் இருக்கிறது. டீசல் எஞ்சினில் காற்று அதே அளவு இருக்க, டீசலை மட்டும் கூட்டினால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். மிச்சம் கறுப்புப் புகையாகப் போகும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பிஸ்டன் அலுமினியக் கலவை அதற்கு முன்பே வலுவிழக்கும். ஆயில் குளிர்விப்பதால் புகையின் சூடு அப்படியே பிஸ்டனுக்கு ஏறுவதில்லை. ஆனாலும் டர்போவுக்கு முன்னால் 650, 700 டிகிரியில் முள் நீண்ட நேரம் நின்றால் பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் நல்லதல்ல. அமெரிக்காவில் இந்தப் பாடம் வேறு வண்டியில் படிக்கப்பட்டது. 1989இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினின் பம்பை ஏற்றி ஓட்டியவர்கள் பைரோமீட்டரை முதலில் மாட்டப் பழகினார்கள். அதே 5.9 லிட்டர் கம்மின்ஸ் குடும்பம்தான் டாடா லாரிகளிலும் நம் சாலையில் பாரம் இழுத்தது.

இனி வேலை. பைரோமீட்டரின் உணர்முனை இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பு. இணைப்பு சூடானால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்டறிந்த விளைவு இது. அந்த முனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால் பதிக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் பதிப்பது எளிது, ஆனால் பாரத்தில் அங்கே நூறு டிகிரிக்கு மேல் குறைவாகக் காட்டும். மேனிஃபோல்டைக் கழற்றாமலே துளையிடுபவர்கள் உண்டு. இந்தப் பட்டறையில் அதற்கு அனுமதி இல்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்கும் டர்போ சக்கரத்தில் ஒரு இரும்புத் துகள் பட்டாலும் இதழ் சிதையும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மேனிஃபோல்டை மேசைக்குக் கொண்டுவந்த பிறகே டிரில் சுழன்றது. துளையிட்டு, டேப் போட்டு, ஊதி, காந்தம் தடவி, விரல் விட்டுத் தடவிப் பார்த்தார் அங்கே வேலை செய்யும் ஓர் இளைஞர். அவருடைய பொறுமைதான் நான் அங்கே கண்ட கைத்திறனில் முதன்மையானது.

வயரிங்கில் தெரியாதவர்கள் தவறும் இடங்கள் மூன்று. பைரோமீட்டர் கம்பி நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டினால் மீட்டர் தவறாகக் காட்டும். அதே உலோக ஜோடிக் கம்பிதான் வேண்டும். ஆயில் பிரஷர் சென்சார் பல வண்டிகளில் மரையின் வழியேதான் எர்த் எடுக்கிறது. கசியக்கூடாது என்று டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால் எர்த் போய்விடும். மூன்றாவது, கவிழ்த்துத் தூக்கும் கேபின். கம்பிக்குத் தளர்வு விடாவிட்டால் முதல் முறை கேபினைத் தூக்கும்போதே அறுந்துவிடும். துளைகளில் ரப்பர் புஷ், லைனில் ஃபியூஸ் என்பவை சொல்லாமலே செய்யப்படுகின்றன.

பூஸ்ட் மீட்டர் வேலை சின்னது. இன்லெட் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சிறு டியூப், கிளிப், அவ்வளவுதான். உள்ளே வளைந்திருக்கும் குழாய் அழுத்தத்தில் நிமிர முயன்று முள்ளை நகர்த்தும். 1849இல் பிரான்ஸில் பூர்தோன் காப்புரிமை பெற்ற வழி அது.

மாட்டியதும் ஸ்க்ரூவைத் திருகிவிடுவதும் இல்லை. பழைய அமைப்பிலேயே லாரியை ஓட்டச் சொல்கிறார்கள். காலி வண்டி, பாரவண்டி, அதே ஏற்றம், அதே கியர். டிரைவர் ஒரு நோட்டில் முள் நின்ற இடங்களை எழுத வேண்டும். இந்த நோட்டுதான் பல வண்டிகளின் உண்மையான நோயைக் காட்டுகிறது. பூஸ்ட் குறைந்து, வெப்பம் ஏறினால் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். சுண்ணாம்பும் சிமெண்டுமாகப் பறக்கும் சாலைகளில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். இல்லையென்றால் இன்டர்கூலர் ஹோஸில் வெடிப்பு இருக்கும். அந்த நிலையில் பம்பை ஏற்றுவது எஞ்சினைக் கெடுக்கும் வேலை. ஃபில்டரை மாற்றி, ஹோஸைச் சரிசெய்தால் இழுவை தானாகத் திரும்பும். பம்பைத் தொடாமலே அனுப்பிய வண்டிகளைப் பற்றி இவர்கள் பேசுவதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அது நியாயமானது, வருமானம் தரும் வேலையை விட்டுக்கொடுத்து எஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

டிரைவருக்கும் மீட்டர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ஏற்றம் ஏறி வந்து உடனே அணைத்தால் டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகும். முள் 200 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை ஐடிலில் விட்டால் அந்தச் சேதம் இல்லை.

2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் பிஎஸ் 6 லாரிகளில் நிலைமை வேறு. வெப்பம், அழுத்தம் எல்லாவற்றுக்கும் ஆலையிலேயே சென்சார்கள் வருகின்றன, டீசல் அளவைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது; அங்கே ஸ்க்ரூ இல்லை, ஸ்கேனர்தான். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கறுப்புப் புகை விடும் வண்டி மாசுச் சோதனையிலும் தேறாது. மீட்டர் மாட்டுவதற்கு அத்தகைய சிக்கல் எதுவும் இல்லை.

எஞ்சின் வேலை என்று இறங்கினால் செலவு லட்சத்தைத் தாண்டும், வண்டி நிற்கும் நாட்களின் வாடகை தனி. மீட்டர்களுக்கு ஆகும் செலவு ஆயிரங்களில் முடிந்துவிடும். பெரம்பலூர், அரியலூர் லாரி உரிமையாளர்களே, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது பம்பை ஏற்றச் சொல்லாதீர்கள். மீட்டர் மாட்டச் சொல்லுங்கள், அதை மாட்டும் கைக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.