தேர் வராத தெருக்கள்

மனை வாங்கப் போகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும், உப்பா, நல்ல தண்ணீரா. பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம். பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா. வாசல் கிழக்குப் பார்த்ததா, தெற்குப் பார்த்ததா. பத்திரச் செலவு எவ்வளவு ஆகும். இவ்வளவையும் துருவித் துருவிக் கேட்பார்கள். தெருவைப் பற்றி மட்டும் கேட்பவர்கள் அபூர்வம். இரண்டு வரிசையாகக் கல் நட்டிருக்கிறது, நடுவே கொஞ்சம் செம்மண் கொட்டியிருக்கிறது, அதுதான் தெரு. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள் போலும்.

நிறைய இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வீட்டை இடித்துக் கட்டலாம், மாடி எழுப்பலாம், பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம். தெருவை அப்படிச் செய்ய முடியாது. கல் நட்டு, இரு பக்கமும் பத்திரம் பதிந்து, பத்து வீடு எழும்பிவிட்டால், பேரன் காலத்திலும் அந்தத் தெரு அதே அகலம்தான். பிற்பாடு அகலப்படுத்த வேண்டுமென்றால் யாருடைய சுவரையாவது இடிக்க வேண்டும். அதற்கு நோட்டீஸ், நஷ்ட ஈடு, கோர்ட்டு என்று ஒரு தலைமுறை ஓடிவிடும்.

நம் பழைய கோயில் ஊர்களில் தெருவின் அகலத்துக்கு ஒரு காவல் இருந்தது. தேர்தான் அந்தக் காவல். மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள். மாதங்களின் பெயரை வீதிகளுக்கு வைத்ததற்குக் காரணம், அந்தந்த மாதத்து உற்சவம் அந்த வீதியில் நடந்ததுதான். மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். ஆனாலும் தேர் இன்றும் மாசி வீதியில்தான் ஓடுகிறது. மாதம் மாறினாலும் தேர் வேறு தெருவுக்குப் போக முடியவில்லை. அவ்வளவு பெரிய தேர் நாலு மூலையிலும் திரும்புவதற்கு அங்கேதான் இடம் இருந்தது.

தெரு எத்தனை அகலம், எது ராஜவீதி, எது சந்து என்றெல்லாம் மயமதம் போன்ற பழைய சிற்ப நூல்கள் கணக்குச் சொல்கின்றன. ஆனால் நூலைப் படித்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தேரைப் பார்க்காதவர்கள் ஒருவரும் இருந்திருக்க முடியாது. திண்ணையை ஒரு முழம் முன்னால் இழுத்துக் கட்டலாமா என்று ஒருவனுக்குச் சபலம் தட்டினால், வருஷத்துக்கு ஒரு முறை அந்தச் சபலத்தின் மேல் தேர்ச் சக்கரம் வந்து நிற்கும். ஊரே வடத்தைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்கும். அதைவிடக் கண்டிப்பான உத்தியோகஸ்தரை எந்த நகரசபையும் நியமித்ததில்லை.

தேர் இல்லாத புது ஊருக்கு யார் காவல் என்ற கேள்வி இந்த ராஜதானிக்கு முதலாவது உலக யுத்தத்தின்போது வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டிஸ் என்பவர் நகரங்களைப் பற்றிய ஒரு பெரிய கண்காட்சியைத் தயாரித்து 1914-இல் கப்பலேற்றினார். அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையின் மேல் குண்டு போட்டு, சாமர்த்தியசாலிகளுக்கெல்லாம் தன் பெயரைத் தமிழில் விட்டுச் சென்ற அதே எம்டன்தான்! கெட்டிஸ் மனம் தளரவில்லை. நண்பர்களின் உதவியோடு புதிதாகப் படங்கள் சேகரித்து, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூரில் நெரிசலைக் குறைப்பதற்காக வீடுகளை இடித்து நேர்ரோடு போட ஒரு திட்டம் இருந்தது. இத்தனை வீட்டை ஏன் இடிக்கிறீர்கள், இங்கே ஒரு பாழ் வீட்டை எடுத்தால் போதும், அங்கே ஒரு மூலையைத் திறந்தால் போதும் என்று அவர் தெருத் தெருவாக நடந்து காட்டினார். அவர் சொன்ன வழிக்கு ஆகக்கூடிய செலவும் அந்தத் திட்டத்தின் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இதையெல்லாம் தொடர்ந்து 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் மூத்த குழந்தைகளில் ஒன்று தியாகராய நகர். நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வடியவிட்டு, அந்த நிலத்தில் பனகல் பார்க்கை நடுவே வைத்து, அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ரோடுகளை இழுத்தார்கள். ஏரியை வடியவிட்டது சரியா என்பது வேறு விஷயம். 2015 டிசம்பரில் பெய்த மழை அந்தக் கேள்வியை நகரம் முழுவதிலும் ஏரி நிலத்தில் குடியிருந்தவர்களிடம் கேட்டுவிட்டுப் போயிற்று. ஆனால் தெருவைப் பற்றிய மட்டில், அன்று கோடு போட்டவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஜட்கா வண்டி ஓடிய காலத்தில் அவர்கள் விட்ட அகலத்தில்தான் இன்று மேம்பாலம் நிற்கிறது, பஸ் ஓடுகிறது, தீபாவளிக் கூட்டம் நகர்கிறது.

அதற்குப் பிறகு நகரத்தைச் சுற்றி எத்தனையோ நகர்கள் தோன்றின. அவை பெரும்பாலும் சர்க்கார் போட்டவை அல்ல. வயலை வாங்கியவர் ஒருவர், சங்கிலி பிடித்து அளந்தவர் ஒருவர், நீலத்தாளில் வரைந்து கொடுத்தவர் ஒருவர். இந்த மூவரும் கூடினால் ஒரு நகர் பிறந்துவிடும். இதில் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. கணக்கு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு தெருவுக்கு இருபது அடிக்குப் பதிலாக முப்பது அடி விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் சதுர அடி கூடுதலாகத் தெருவுக்குப் போய்விடும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக நாலு கிரவுண்டுக்கு மேல் நஷ்டம். அந்த நாலு கிரவுண்டை விற்கிறவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வாங்குகிறவர்களும் கேட்கவில்லையே!

அதனால்தான் சட்டம் கேட்கிறது. லே-அவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் விதிகளைப் படித்துப் பார்த்தேன். வறண்ட நடைதான், ஆனாலும் ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு மனிதன் நிற்பது தெரிந்தது. தெரு நீள நீள அகலம் கூட வேண்டும் என்கிறது ஒரு விதி. நீளமான தெருவில் வீடு அதிகம், வண்டி அதிகம், எதிரே வருகிறவர்கள் அதிகம் என்பது அதன் காரணம். தெரு முனையில் இருக்கும் மனையின் மூலையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும் என்கிறது இன்னொன்று. சைக்கிளில் திரும்பும் பையன், குறுக்கே வரும் லாரியைச் சுவர் மறைக்காமல் பார்க்க வேண்டும் அல்லவா? மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமானால், ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்கிறது மற்றொன்று. நிலம் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு உட்பட்டதாக இருந்தால் இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடவும் வழி வைத்திருக்கிறார்கள். பணத்தின் மேல் குழந்தைகள் எப்படிப் பந்து விளையாடும் என்று எனக்குப் புரியவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ரோட்டையும் பார்க் நிலத்தையும் உள்ளூராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது. தானம் என்ற சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் செய்கிற தானம் அது.

இந்த விதிகளைக் கேளாமல் போட்ட நகர்கள் எத்தனையோ உண்டு. நான் குடியிருக்கும் தெருவும் அந்த ரகம்தான். நுழையும் இடத்தில் பதினெட்டு அடி. உள்ளே போகப் போகக் குறைந்து, கடைசியில் ஒருவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டிக்கொள்ளும். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அந்தக் கடைசி வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் ராத்திரி அவருக்கு மார்வலி. 108-க்குச் சொன்னார்கள், வண்டியும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் நின்ற கார்களைத் தாண்டி அதனால் உள்ளே வர முடியவில்லை. உள்ளே வந்தாலும் திரும்ப இடமில்லை. எதிர்வீட்டுப் பையன்கள் நாலு பேர் அவரைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, "தாத்தா, கெட்டியாகப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள்.

நல்ல வேளையாகப் பிழைத்தார். பார்க்கப் போனபோது, "நம்ம தெருவுக்குத் தேர் வரலேன்னு யார் சொன்னது? நானே உற்சவ மூர்த்தியா ஏள்ளிட்டேனே!" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "அடுத்த தடவை இந்தப் பிள்ளைகள் ஊரில் இருக்கணுமே" என்றார் அந்த அம்மாள்.

தேர் வராத தெருவுக்கு இவைதான் தேர்: ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, கோடையில் தண்ணீர் லாரி, கடைசியில் அமரர் ஊர்தி. ஒரு வித்தியாசம் உண்டு. கோயில் தேர் நாள் குறித்து வரும்; இவை நாள் குறிப்பதில்லை. ஆகையால் வருஷாவருஷம் ஒத்திகை பார்க்கவும் வழியில்லை. அந்த ஒத்திகையைக் காகிதத்தின் மேலேயே நடத்திவிடத்தான் விதி இருக்கிறது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று தடை போட்டது. அதற்கு முன் எத்தனையோ பேர் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற இரண்டு சொற்களை நம்பி மனை வாங்கியிருந்தார்கள். லே-அவுட்டை அங்கீகரிக்கும் அதிகாரம் தனியாகப் பஞ்சாயத்துக்கு இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆசிரியர்கள், நர்ஸுகள், கண்டக்டர்கள், வெளிநாட்டில் பாடுபட்டுப் பணம் அனுப்பியவர்கள். அவர்கள் தலையில் கல்லைப் போடக் கூடாது என்று 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைத்தது. செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் அங்கே போட்டிருந்த தெருக்களை இருந்தபடியே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்திரத்தின் குறை தீர்ந்தது. தெருவின் குறை தீர்வதற்கு வழியில்லை. முத்திரை விழுந்த பிறகும் பதினெட்டு அடி பதினெட்டு அடிதான்.

உடனே, எல்லாத் தெருவையும் அறுபது அடி ஆக்கிவிடு என்று யாராவது கிளம்பினால் அதுவும் எனக்குச் சம்மதமில்லை. குடியிருப்புக்குள் அகலமான நேர்ரோடு போட்டால் கார்க்காரர்கள் அதைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டு பறப்பார்கள். பிறகு நாமே போய் வேகத்தடை கேட்போம். லண்டனுக்கு அருகில் ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகருக்காக 1906-இல் ஒரு தனிச் சட்டம் செய்தார்கள். அது ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. ஊடே போகும் போக்குவரத்து இல்லாத, ஐந்நூறு அடிக்கு மிகாத சிறு தெருக்களுக்கு வழக்கமான அகல விதியிலிருந்து விலக்குக் கொடுத்தது. அதே கையோடு, தெரு எத்தனை அகலமானாலும் எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே ஐம்பது அடி கட்டடமில்லாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. வண்டி ஓடும் பாதை குறுகல். மரத்துக்கும் காற்றுக்கும் குழந்தைகளுக்கும் இடம் தாராளம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நகரும் ஒவ்வொருவர் போட்டது. அதனால் ஒரு நகரின் தெரு அடுத்த நகரின் தெருவோடு சேருவதில்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்க வேண்டுமானால் மெயின் ரோட்டுக்குப் போய் ஒரு மைல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தையும் அதே மெயின் ரோட்டில்தான் லாரிக்கு நடுவே நடக்கிறது. நடந்து போகப் பத்தடிச் சந்து ஒன்று விட்டிருந்தால் போதும். அதையும் கோடு போடுகிற அன்றைக்கே விட வேண்டும்.

வீடு கட்டுகிறவர் வீட்டைப் பற்றிப் பேசுவார். மனை விற்கிறவர் மனையைப் பற்றிப் பேசுவார். தெருவுக்காகப் பேச அந்த அறையில் விதியைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆகவே மனை பார்க்கப் போகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் கொடுக்கும் வரைபடம் அனுமதி பெற்ற அதே படம்தானா என்று ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்று விசாரியுங்கள். பார்க் என்று பச்சை அடித்திருக்கும் இடத்தில் நேரில் போய் நில்லுங்கள். அங்கே யாராவது கொட்டகை போட்டிருக்கலாம். பிறகு தெருவின் கடைசி மனை வரைக்கும் நடந்து போய், ஒரு லாரி அங்கே வந்து திரும்புமா என்று பாருங்கள். உங்கள் மனை முதல் மனையாக இருந்தாலும் போய்ப் பாருங்கள். கடைசி மனையை வாங்குகிறவருக்கும் வயதான தாயார் இருப்பார்.