கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்: எதைக் கண்டுகொள்ளவில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மந்தைவெளியில் நாங்கள் படிப்பகம் நடத்தும் மாடி அறை. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைப் போட்டோம். இருபத்திரண்டு மாணவர்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து நடந்தே வந்தவர்கள். மீதிப் பேர் அதே இடங்களில் பிறந்து, பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் இரண்டு பஸ் மாறி வந்தார்கள்.

தாத்தா இறந்ததும் உயில் படிக்கப்படுகிறது. வீடு மகனுக்குப் போகிறது. தாயும் பெண்களும் ஊரைவிட்டுச் சென்னைக்கு வருகிறார்கள். அந்த இடத்தில் அறையில் சத்தமே இல்லை. எங்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் டிவியில் பார்த்தபோதும் அதே இடத்தில்தான் கலங்கினோம்.

படம் முடிந்து டீ குடிக்கும்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டாள். "நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா அவ்ளோ பெரிய வீடு. அதைப் பெருக்கித் துடைச்சவங்க, பாத்திரம் தேய்ச்சவங்கல்லாம் அதுக்கப்புறம் எங்க போனாங்க?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மா மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர். பெரும்பாக்கம் போன பிறகு காலை ஆறு மணிக்கு வந்து சேர முடியாமல் இரண்டு வீட்டு வேலை போய்விட்டது. வீட்டை இழப்பது என்றால் என்ன என்பதை அந்த அறையில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தோழர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: ராஜீவ் மேனன் இயக்கி 2000-இல் வெளிவந்த இந்தப் படம், ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைத் தழுவியது. அதே நாவலை 1995-இல் ஆங் லீ ஆங்கிலத்தில் எடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே இருக்கிறது. அப்படி அடையாறில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். யார் நடிப்பு பொருத்தம், எந்தக் காட்சி நாவலுக்கு நெருக்கம், மம்முட்டிக்கும் ஐஸ்வர்யா ராய்க்கும் வயது பொருந்துகிறதா என்று இரண்டு மணி நேரம் போனது. எல்லாம் நல்ல பேச்சுதான். எங்களில் ஒருவர் எழுந்து, "இந்தப் படத்தின் காதல்களில் சாதி ஏன் ஒரு தடையாகக்கூட வரவில்லை?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கோபப்படவில்லை. மிகவும் அன்பாகவே சொன்னார்: "இது காதல் கதைப்பா. இதிலேயுமா சாதி?"

அவருக்கு அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறோம்.

ஆஸ்டினின் நாவலைத் திறந்தால் காதல் வருவதற்கு முன்னாலேயே கணக்கு வந்துவிடுகிறது. அப்பா இறந்த பிறகு தாய்க்கும் மூன்று பெண்களுக்கும் ஆண்டு வருமானம் 500 பவுண்டு. தங்கைகளுக்கு 3,000 பவுண்டு தரலாம் என்று நினைக்கும் அண்ணன், மனைவியின் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒன்றுமே தராமல் விடுகிறான். கர்னல் பிராண்டனுக்கு ஆண்டுக்கு 2,000. மரியானைக் காதலித்த வில்லோபி அவளை விட்டுவிட்டு 50,000 பவுண்டு உள்ள பெண்ணைக் கட்டுகிறான். யார் யாரைக் கட்டலாம், யாரைக் கட்ட முடியாது என்பதை அந்தச் சமூகத்தில் எது முடிவு செய்ததோ, அதை ஆஸ்டின் மூடி மறைக்கவில்லை. இலக்கத்தில் எழுதி வைத்தார். அதனால்தான் இருநூறு வருடம் கழித்தும் அது உண்மையான காதல் கதையாக நிற்கிறது. பெரியவரின் கேள்வியை அவரிடம் யாராவது "இது காதல் கதையம்மா, இதிலேயுமா பணம்?" என்று கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

இன்னொரு விவரத்தை அந்த மாணவிக்குச் சொன்னோம். நொடித்துப்போய்ச் சின்ன வீட்டுக்குக் குடிபோகும் அந்த டாஷ்வுட் குடும்பத்துக்கு மூன்று வேலையாட்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். "அதுதான் அவங்க கஷ்டமாக்கா?" என்றாள்.

நாவல் தமிழுக்கு வந்தபோது என்னென்ன மாறியது என்று பாருங்கள். மரியானுக்கு வால்டர் ஸ்காட்டும் கூப்பரும் பிடிக்கும், மீனாட்சிக்குப் பாரதி. கர்னல் பிராண்டன் கிழக்கிந்தியப் பகுதியில், அதாவது நம் பக்கத்தில், படையில் இருந்தவர். மேஜர் பாலா அமைதிப்படையில் இலங்கைக்குப் போய்க் காலை இழந்தவர். வில்லோபியின் கடன், ஸ்ரீகாந்தின் நிதி நிறுவனம் மூழ்குவதாக மாறுகிறது. தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்த சென்னைக்காரர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும். நாவலில் இல்லாத ஒன்றைக்கூடப் படம் சேர்த்திருக்கிறது: சௌம்யாவை ராசியில்லாதவள் என்று ஊர் சொல்வது. அதுவும் நம் ஊர் கொடுமைதான், சரியாகவே சேர்த்திருக்கிறார்கள்.

கவிஞனுக்கு நம் ஊர்க் கவிஞன் கிடைத்தான். போருக்கு நம் பக்கத்துப் போர் கிடைத்தது. திவாலுக்கு நம் ஊர்த் திவால் கிடைத்தது. ஆஸ்டின் நாவலில் கல்யாணத்தை முடிவு செய்யும் பவுண்டு இருக்கிறதே, அந்த இடத்தில் நம் ஊரில் எது இருக்கிறது? பணமும் இருக்கிறது, ஆனால் பணத்துக்கு முன்னால் நிற்பது எது? 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த கட்டுரையில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் சொன்னது அதைத்தான். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி. சாதி வேறு, திருமணம் வேறு என்று இரண்டு பொருள் இல்லை. திருமணத்தை எல்லைக்குள் பூட்டி வைப்பதால்தான் சாதி பிழைத்திருக்கிறது. 2011-12-இல் எடுக்கப்பட்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி நாட்டில் நூறு திருமணங்களில் சாதி கடந்து நடப்பவை சுமார் 5. அந்த 95-ஐ விட்டுவிட்டு நம் ஊரில் ஒரு காதல் கதையை எப்படி முழுமையாகச் சொல்வது?

எங்கள் குறை இயக்குநர்மீது மட்டும் இல்லை. அவர் அழகான படம் எடுத்திருக்கிறார்; பாடல்களை நாங்களும் இன்றுவரை முணுமுணுக்கிறோம். பார்க்கிற நம்மைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒரு காட்சி விடுபட்டால், ஒரு பாத்திரத்தின் நிறம் மாறினால் கண்டுபிடிக்கிற நம் கண், இந்தப் பெரிய ஓட்டையை இருபத்தைந்து வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை. காரணம், அது நமக்கு ஓட்டையாகவே படவில்லை.

'பொன்னியின் செல்வன்' வந்தபோதும் இதைப் பார்த்தோம். 2022 செப்டம்பரில் முதல் பாகம், 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறையாகத் தியேட்டருக்குப் போனார்கள். கல்கியின் நாவலை ஐந்து முறை படித்தவர்கள் "இது என் நந்தினி இல்லை", "முடிவை மாற்றிவிட்டார்கள்" என்று குமுறினார்கள். அந்தக் குமுறலுக்குப் பின்னால் இருந்த வாசக அன்பை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் மாணவர்கள் தேடியது பூங்குழலியை. படகோட்டும் பெண். நாவலில் அவள் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனைக் கட்டுகிறாள், அவனே கடைசியில் உத்தம சோழனாக முடிசூடுகிறான், அவள் அரசியாகிறாள். படத்தில் அந்தப் பகுதியே இல்லை.

"எடுத்தது அநியாயம்ணா" என்று ஒரு பையன் கொதித்தான். பக்கத்தில் இருந்தவன் கேட்டான்: "நாவல்ல மட்டும் என்னடா நியாயம்? பூக்கட்டுறவன் பூக்கட்டுறவனாவே இருந்து அவளக் கட்டிக்கிட்டானா? கடைசில அவனும் ராஜா ரத்தம்னு சொல்லித்தானே முடிச்சிருக்காங்க." அரை நிமிடம் யாரும் பேசவில்லை. எங்கள் சமூகவியல் பாடத்தில் இரண்டு வருடம் படித்ததை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

இப்படிக் கேட்பது புதிய பழக்கமும் இல்லை. எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் ஹீத்கிளிஃப் எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது. கறுத்த தோற்றம் கொண்டவன். லஸ்கர் பையனாக இருப்பானோ என்றுகூட ஒருவர் சந்தேகப்படுகிறார். லஸ்கர் என்றால் கீழை நாடுகளிலிருந்து, பெரும்பாலும் நம் கடற்கரைகளிலிருந்து, கப்பலில் போன கூலி மாலுமி. பிறப்புத் தெரியாததால் அவனை வேலைக்காரர்களோடு தள்ளுகிறார்கள். காதல் அங்கேதான் உடைகிறது. 2011-இல் ஆண்ட்ரியா ஆர்னால்ட் அந்தப் பாத்திரத்துக்குக் கறுப்பின நடிகரைத் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகு புதிய படத்துக்கு வெள்ளை நடிகர் ஜேகப் எலோர்டி என்று 2024-இல் அறிவிப்பு வந்ததும், "அவனுடைய நிறத்தை எடுத்துவிட்டால் கதையில் என்ன மிச்சம்?" என்று பார்வையாளர்களே கேட்டார்கள். அங்கே யாரும் "காதல் கதையில் நிறம் எதற்கு" என்று வாயடைத்துப் போய்விடவில்லை.

2022-இல் 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பகுதி வந்தபோது எங்கள் பெண்கள் கொண்டாடினார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த, கறுத்த நிறமுள்ள சிமோன் ஆஷ்லி கதாநாயகி. "எங்க கலர்லயே ஹீரோயின்க்கா!" அந்தச் சந்தோஷம் சின்ன விஷயம் இல்லை, நம் தமிழ்ப் படங்கள் அதை அவர்களுக்குத் தந்ததே குறைவு. ஜூலியா குவினின் நாவலில் அந்தக் குடும்பத்தின் பெயர் ஷெஃபீல்ட். தொடரில் அதை இந்தியக் குடும்பமாக்கி வைத்த பெயர் ஷர்மா. நிறம் மாறியது, மேலே போக வேண்டிய சாதிப்பெயர் தவறாமல் போய் ஒட்டிக்கொண்டது. அதையும் எங்கள் பெண்களே கவனித்துச் சொன்னார்கள், கொண்டாட்டத்தையும் விட்டுவிடவில்லை. இரண்டும் ஒன்றாக முடியும் என்று நாங்கள் அவர்களிடம்தான் கற்றோம்.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறோம். எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். தி.நகரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள். வட மாவட்டத்து ஆதிக்கச் சாதிக் குடும்பம். எங்கள் படிப்பகத்துப் பையன் ஒருவனோடு மூன்று வருடப் பழக்கம். படத்தைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. "அக்கா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவாங்களாமே. பேரு, அட்ரஸ் எல்லாம் இருக்குமா?" என்று கேட்டாள்.

இருக்கும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த முப்பது நாளில் ஊரிலிருந்து யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். உடுமலை சங்கர் 2016-இல் பட்டப்பகலில் பஸ் நிலையம் அருகே வெட்டப்பட்டதும், 2024 பிப்ரவரியில் இதே சென்னையில் பள்ளிக்கரணையில் ஒரு தலித் இளைஞர் மனைவியின் அண்ணன் தரப்பால் கொல்லப்பட்டதும், 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்டதும் அவளுக்குத் தெரியும். சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சி 1967-இல் கொண்டுவந்த திருத்தத்தைப் பற்றிச் சொன்னோம். அதில் முப்பது நாள் அறிவிப்பு இல்லை. வழக்கறிஞர்களும் நண்பர்கள் என்ற முறையில் முன்நின்று நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. சாதி கடந்து மணப்பவர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்களும் தனிப் பிரிவும் வேண்டும் என்று 2018-இல் சொன்னதையும் சொன்னோம். எழுதிக்கொண்டாள்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அன்று எங்கள் வாயிலிருந்து முதலில் வந்தது இதெல்லாம் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமே" என்பதுதான். எந்த அப்பாவும் சொல்கிற அதே சொல். பயத்தில் சொன்னோம். அதோடு, எங்கள் வீடுகளும் சுத்தம் இல்லை. ஆதிக்கச் சாதிப் பெண் என்றால் புரட்சி பேசுகிற எங்கள் வீடுகளிலேயே, அருந்ததியர் வீட்டுப் பையனைப் பிடித்திருக்கிறது என்று மகள் சொன்னால் முகம் மாறுகிறது. அகமணமுறை யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்று பேசும்போது நம் திண்ணையையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பெரியவருக்கான எங்கள் பதில் இவ்வளவுதான். ஐயா, இது காதல் கதை, அதனால்தான் கேட்கிறோம். சாதிக்கு உண்மையில் பயம் இருப்பது காதலிடம் மட்டும்தான்.

தோழர்களே, இனி ஒரு காதல் படத்துக்குப் போனால் அழுங்கள், பாட்டுக்கு விசிலடியுங்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது அந்த மாணவியின் கேள்வியையும் கேளுங்கள். அந்த வீட்டைப் பெருக்கியவர் யார்? அவர் மகள் கதைக்குள் வந்திருந்தால், யார் அவளைக் காதலித்திருப்பார்கள்? முடிவு என்னவாக இருந்திருக்கும்?

அடுத்த மாதம் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தைத் திரும்பப் போடுகிறோம். படம் முடிந்ததும், பூங்குழலியின் கதையை விட்ட இடத்திலிருந்து மாணவர்களே எழுதி வாசிக்கப் போகிறார்கள். சேந்தன் அமுதன் பூக்கட்டுகிறவனாகவே இருப்பான் என்று இப்போதே தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

ஜெய்பீம்.