போஞ்சி வேரில் பிறக்கும் ஐதரசன்

கண்டியிலிருந்து ஹந்தானை வீதியில் ஏற ஏற, நகரத்தின் இரைச்சல் கீழேயே தங்கிவிடுகிறது. தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றின் பின்புறம் போய் நின்றேன். கம்பு நட்டுப் படரவிட்ட போஞ்சிக் கொடிகள் நாலு பாத்தியில் நின்றன. காய் பறித்து ஓய்ந்த கொடிகளை ஓர் அம்மா வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பூவிலிருக்கிற செடி ஒன்னு தாங்க. வேரைப் பார்க்கணும்."

"வேர்ல என்னங்க ஐயா இருக்கு?" என்று சிரித்தபடி, மண்வெட்டியால் அணைத்துத் தோண்டி ஒரு செடியைத் தந்தார்.

மண்ணை உதிர்த்ததும் வேரில் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரிந்தன. "இது பூச்சி விழுந்த வேருங்க" என்றார் அவர். நகத்தால் தொட்டேன், முடிச்சு வேரைவிட்டுச் சுலபமாகக் கழன்றது. நூற்புழு உண்டாக்கும் வீக்கம் அப்படிக் கழலாது, வேரே தடித்திருக்கும். முடிச்சைப் பிளந்தபோது உள்ளே இளஞ்சிவப்பு. வேலை செய்துகொண்டிருக்கும் முடிச்சின் நிறம் அது.

அந்தச் சிவப்புக்குள் றைசோபியம் என்ற பக்டீரியா குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அது அமோனியாவாக்குகிறது. அப்படி மாற்றும் ஒவ்வொரு நைதரசன் மூலக்கூறுக்கும் குறைந்தது ஓர் ஐதரசன் மூலக்கூறு கூடவே பிறக்கிறது. சில றைசோபியம் வகைகள் அந்த ஐதரசனைத் தாமே மீட்டுக்கொள்ளும். மற்றவற்றில் அது மண்ணுக்குள் கசியும். வேரைச் சுற்றியுள்ள வேறு பக்டீரியாக்கள் அதை உண்டு பெருகுகின்றன. ஐதரசன் ஊட்டிய மண்ணில் பயிர் செழிப்பதைக் கனடா ஆய்வாளர்கள் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் நன்றாக வருவதற்கு நைதரசனோடு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

பாத்தி ஓரத்தில் யூரியாப் பை மடித்துக் கிடந்தது. அமோனியாவிலிருந்து செய்யப்படும் அந்த யூரியாவின் பிறப்பிலும் ஐதரசன் உண்டு. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் வளியமுக்கத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்திலும் நைதரசனோடு சேர்த்துத்தான் அமோனியா செய்கிறார்கள். போஞ்சி வேரோ ஹந்தானைக் குளிரிலேயே அமோனியா செய்கிறது. யூரியா எப்போதும் கிடைக்கும் என்றும் இல்லை. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதித் தடையை அறிவித்து, நவம்பரில் அரசு அதை விலக்கிக்கொண்டது. "அந்த வருஷம் பட்ட பாடு போதுங்க" என்றார் அம்மா.

நான் ஏறி வந்த வழியிலேயே தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்த பேராசிரியர் குலசூரிய, சோயா, போஞ்சி, பாசிப்பயறு ஆகியவற்றுக்கான றைசோபியம் கலவையை உருவாக்கும் பணியை அங்கே முன்னெடுத்தார். விதையோடு கலந்து நட்டால் போதும். போஞ்சி இயல்பாகவே நைதரசனைக் குறைவாகப் பிடிக்கும் பயிர் என்பதால், அதற்கு நல்ல பக்டீரியா வாய்ப்பது முக்கியம். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சே பிடிக்காது.

ஐதரசனை நேரே பயிருக்குக் கொடுக்கும் முயற்சியும் உண்டு. சீனாவில் ஐதரசன் கரைத்த நீரை நெல்லுக்குப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். அந்த நீரில் நனைத்த கிவிப் பழம் பழுக்கத் தாமதித்ததாக 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. பறித்த மறுநாளே வாடும் நம் மரக்கறிக்கும் அது உதவினால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 1.6 மில்லிகிராம் ஐதரசன்தான் கரையும். திறந்து வைத்தால் அதுவும் பறந்துவிடும். அதற்குக் கருவி வேண்டும், காசு வேண்டும். நாலு பாத்திக்காரருக்கு அது இன்று எட்டாது. வேர்முடிச்சு இன்றே கையில் இருக்கிறது.

புறப்படுமுன் அம்மாவிடம் சொன்னேன்: "அடுத்த தடவை பிடுங்காதீங்க அம்மா. தரையோட வெட்டிட்டு வேரை மண்ணிலேயே விட்டுடுங்க."

போஞ்சி வைத்திருக்கும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதும் இதுதான். பூக்கும் காலத்தில் ஒரு செடியைத் தோண்டி முடிச்சைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் யூரியாவைக் குறையுங்கள். முடிச்சே இல்லையென்றால் விவசாயப் போதனாசிரியரிடம் றைசோபியம் கலவை கேளுங்கள். ஹந்தானை ஆய்வுகூடத்தின் அறிவு, அதே மலையிலுள்ள லயத்துப் பாத்திக்கும் வந்து சேர வேண்டும்.