கொச்சி பார்க்காத கொச்சின்

இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. கல்லாற்றில் சித்தி வீடு. திண்ணையில் இருந்து பார்த்தால் பொன்முடி இல்லை. மலையேறும் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் மேகம் விழுங்கிவிட்டது. போன மாதம் பிள்ளைகள் தாவி விளையாடிய உருண்டைக் கற்களின் மேல் செம்மண் கலங்கல் ஓடுகிறது.

அடுக்களை மூலையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பொரித்து மூன்று நாளான குஞ்சுகள் ஆறு, மேலே 60 வாட் பல்பு. நெடுமங்காட்டுச் சந்தையில் சித்தி வாங்கியவை. "கொச்சின் கோழியாக்கும், கொச்சியில உள்ளது" என்றாராம் விற்றவர்.

*

கொச்சின் கோழிக்கும் கொச்சிக்கும் பெயரளவில்கூட நேரடி உறவு கிடையாது. 1840களில் சீனத்தின் ஷாங்காய் பக்கத்தில் இருந்து கப்பலேறிப் போன பருத்த கோழி அது. இங்கிலாந்தில் அதை 'கொச்சின் சைனா' என்றார்கள். அது இன்றைய வியட்நாமின் ஒரு பகுதிக்கு வழங்கிய பெயர். நம் கொச்சியோடு குழம்பிவிடக் கூடாதென்று போர்த்துக்கீசியர் அதில் 'சைனா'வை ஒட்டினார்கள். கோழிக்காரர்கள் ஒட்டைக் கழற்றிவிட்டார்கள். குழப்பம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

பிரம்மா கோழியின் கதையும் இதேதான். பெயர் பிரம்மபுத்திராவில் இருந்து. இனமாக உருவானது அமெரிக்காவில். 1852-இல் ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற அமெரிக்கக் கோழி வியாபாரி, விக்டோரியா ராணிக்கு ஒன்பது கோழிகளை அன்பளிப்பாக அனுப்பினார். ராணி வாங்கிக்கொண்டதே போதும், விலை ஏறிவிட்டது.

*

நான்காம் நாள். நாட்டுக்கோழிக் குஞ்சின் கால் செதிலும் நகமுமாக வெறுங்காலாக இருக்கும். இவற்றுக்குக் கணைக்காலின் வெளிப்பக்கத்தில், பிறக்கும்போதே தூவி. அது வழிந்து வெளிவிரலுக்கும் நடுவிரலுக்கும் இறங்குகிறது. உட்பக்கம் மொட்டை. ஆறு குஞ்சுக்கும் அப்படியே.

குளிருக்கான காலுறை என்றால் ஒருபக்கம் மட்டும் போட்டுக்கொள்வார்களா?

*

சூட்டுக் கணக்கு: முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும். இது புத்தகம். சித்தியிடம் வெப்பமானி இல்லை. பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் பல்பை இறக்குவார். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைப் பிளந்தால் ஏற்றுவார். இரண்டு கணக்குக்கும் விடை ஒன்றுதான்.

*

ஒன்பதாம் நாள். சிறகில் முள் முளைத்திருக்கிறது. "முள்ளு" என்பதுதான் சித்தியின் சொல். சரியான சொல். புது இறகு ஓர் உறைக்குள் சுருண்டே வெளிவருகிறது. உறைக்குள் இரத்தம் ஓடுகிறது. நுனியில் உறை பொடிந்து உதிர, இறகு விரிகிறது. பெட்டியின் அடியில் மாவு போலக் கிடப்பது அந்த உறைதான்.

முதலில் சிறகு, பிறகு வால், தோள், நெஞ்சு. முதுகு வெகுநேரம் காத்திருக்கிறது. தலை கடைசி.

*

பன்னிரண்டாம் நாள். காலிலும் முள். தூவி இருந்த அதே வரிசையில், வெளிப்பக்கமாக, பின்னோக்கிச் சாய்ந்து. இரண்டாவது சிறகு ஒன்று தவறிப்போய்க் காலில் இறங்கியது போல.

சித்தி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்: "காலுன்னு நெனச்சியா மக்களே, செறகாக்கும் இது."

*

சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். டார்வின் 1868-இல் வெளியிட்ட வளர்ப்புயிர் நூலில் இதைக் கவனித்திருக்கிறார்: இறகுக்கால் புறாக்களிலும் சில குட்டைக் கோழிகளிலும் கால் இறகு வெளிப்புறமாகவே முளைக்கிறது, சிறகின் நீள இறகை ஒத்திருக்கிறது.

காரணம் பிறகு பிடிபட்டது. கருவில் 'பிட்எக்ஸ்1' என்ற மரபணு "இது கால்" என்கிறது. 'டிபிஎக்ஸ்5' என்பது "இது சிறகு" என்கிறது. இறகுக்கால் புறாக்களை வைத்து 2016-இல் வந்த அமெரிக்க ஆய்வு, காலில் முதல் குரல் தணிந்து இரண்டாவது குரல் எழுவதைக் காட்டியது. கோழிகளிலும் அதே இரண்டு மரபணுக்களில்தான் முடிச்சு. ஆகவே இது இறகு போர்த்திய கால் அன்று. கொஞ்சம் சிறகாகிவிட்ட கால். உட்பக்கம் ஏன் மொட்டை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

*

செதிலும் இறகும் தூரத்து உறவு இல்லை. 1980-இல் டேனியல் தூவாய் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் துணைவர்களும் அடைமுட்டைக்குள், கருவின் பத்தாம் நாளை ஒட்டி, ரெட்டினாயிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். வைட்டமின் ஏ-யின் வழிவந்த பொருள் அது. வெறுங்கால் இனத்துக் குஞ்சின் காலிலும் செதிலின் மேல் இறகு முளைத்தது.

*

மூன்றாம் வாரம். பக்கத்து வீட்டு வெள்ளை லெகார்ன் குஞ்சுகள் இதே வயதில் முழுச்சட்டை போட்டுவிட்டன. நம்முடையவை முதுகு தெரிய நிற்கின்றன. நோய் இல்லை. ஆசியப் பெருங்கோழிகளுக்கு இறகு மெதுவாகத்தான் வரும்.

இந்த மெதுவை வைத்தே பொரிப்பகங்கள் பிழைக்கின்றன. மெதுவாக முளைக்கும் குணம் பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. மெதுவான தாயையும் வேகமான தந்தையையும் இணைத்தால் பேடுகள் தந்தையைப் போல, சேவல்கள் தாயைப் போல. பொரித்த அன்றே சிறகை விரித்துப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

நம் ஆறில் எது சேவல்? சித்தி காலின் பருமனைப் பார்த்து மூன்று என்கிறார். குறித்துவைக்கிறேன்.

*

இரவு மழை ஓய்ந்ததும் ஈசல். பல்பைத் தேடி வந்து பெட்டிக்குள் விழ, குஞ்சுகள் ஓடி ஓடித் தின்றன. நல்லது. இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். அதுவும் கந்தகம் சேர்ந்த புரதம். உடம்பெல்லாம் முளைக்க, காலுக்கும் முளைக்க வேண்டிய குஞ்சுக்கு வெறும் குருணை அரிசி எப்படிப் போதும்? கடைத்தீவனம், கருவாட்டுத்தூள், கறையான். ஈசல் இலவசம்.

*

இருபத்தாறாம் நாள். கத்தல். ஒரு குஞ்சின் கால்முள் ஒடிந்து இரத்தம். மற்ற ஐந்தும் அதையே கொத்துகின்றன. சிவப்பைக் கண்டால் கோழிக்குத் தங்கை தமக்கை தெரியாது. பிரித்து, துணியால் அழுத்திப் பிடித்து, மஞ்சள் குழைத்துப் பூசினார் சித்தி. இரண்டு நாள் தனிக்கூடை.

*

ஒன்றரை மாதம். வெளியே விட்டாயிற்று. இப்போதுதான் கால் இறகின் விலை தெரிகிறது. கல்லாற்றுச் செம்மண் எச்சத்தோடு சேர்ந்து விரல்நுனியில் உருண்டை கட்டுகிறது. காய்ந்தால் கல். விரலை இறுக்கி இரத்தத்தைத் தடுத்துவிடும். பிய்த்து எடுத்தால் நகமும் கூட வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் நிறுத்தி, கரைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆறு கோழி, பன்னிரண்டு கால், தினமும் சாயங்காலம். ஷாங்காய்க்காரர்கள் என்ன செய்தார்களோ.

கூண்டில் உமியை இரட்டிப்பாகக் கொட்டினோம். ஈரமான உமியை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். கால் செதிலுக்கடியில் புகும் சிற்றுண்ணி இறகுக்குள் ஒளிந்துகொண்டால் கண்ணுக்கே தெரியாது.

*

கடைசியில் சித்தி கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். முற்றி, இரத்தம் வற்றிய இறகுகளை மட்டும் பாதியில் நறுக்கினார். "மழை போனா மொளைக்கட்டும்." உடனே முளைக்காது, பழைய தண்டு உதிர்ந்த பிறகுதான் புதியது என்றேன். "அப்பம் மழை போன பொறவுதானே" என்றார்.

இறகு விழ, கால் தெரிந்தது. நல்ல மஞ்சள்.

*

இந்த மஞ்சளைப் பற்றி ஒன்று. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அதன் தோலில் மஞ்சள் இல்லை. 2008-இல் சுவீடன் ஆய்வாளர்கள் தேடிப்பார்த்ததில், மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியில் இருந்து வீட்டுக்கோழிக்குள் வந்து சேர்ந்தது என்று தெரிந்தது. சாம்பல் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை. பொன்முடிச் சரிவில் கூவுவது அதுதான்.

ஆக, சந்தைக்காரர் சொன்னது பாதி பொய். கோழி கொச்சியில் இருந்து வரவில்லை. காலின் நிறம் இந்தப் பக்கத்துக் காடுகளில் இருந்து எப்போதோ போயிருக்கிறது.

*

இன்று விடியலில் வளைவுச் சாலையோரம் ஒரு காட்டுச்சேவல். கழுத்தில் மெழுகுத்துளி போன்ற மஞ்சள் புள்ளிகள் இல்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தக் கழுத்திறகைக் கழற்றிவிட்டு, கருத்த சட்டையோடு மழையைக் கடத்தும். ஈரமான வெறுங்காலோடு புதரில் ஏறிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். சேவல் மூன்று இல்லை, நான்கு.