வாடைக்காலத்தில் ஒரு மின்கார்

காரைக்காலில் பிரான்சின் குளிரைப் பற்றிப் பேசுவதற்குத் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். 1962 ஆகஸ்ட் 16-இல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. அப்படித் தெரிவு செய்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸின் வடக்குப் புறநகர்களில் நிறைய இருக்கிறார்கள். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’க்கள் மார்கழி மாலைகளில் அரசலாற்றங்கரையில் தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்று, “இதெல்லாம் ஒரு குளிரா?” என்பார்கள். மஃப்ளரை மட்டும் கழற்ற மாட்டார்கள்.

என் சித்தி அத்தகைய குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகள், எனக்குத் தங்கை, சார்செல் நகரில் வசிக்கிறாள். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலி. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் இன்சுலின் ஊசி, புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தல் என்று நண்பகல்வரை ஒரு சுற்று. மாலையில் இன்னொரு சுற்று. இரண்டும் சேர்ந்தால் நூற்றிருபது கிலோமீட்டரை ஒட்டி வரும். அவளிடம் இருப்பது 2017-ஆம் ஆண்டின் ரெனோ ஸோயே மின்கார், பழையதாக வாங்கியது. பேட்டரியின் கொள்ளளவு 41 யூனிட். (கிலோவாட் மணி என்று எழுதினால் எனக்கே அந்நியமாக இருக்கிறது. நம் மின்கட்டண ரசீதில் வரும் யூனிட்தான் அது.)

2016-இல் இந்த பேட்டரியோடு வண்டியை அறிமுகப்படுத்தியபோது தயாரிப்பாளர்களே ஒளிக்காமல் சொன்ன கணக்கு உண்டு: சோதனைக்கூடத்தில் 400 கிலோமீட்டர், நடைமுறையில் 300, கடுங்குளிரில் 200. பல ஆண்டுகள் உழைத்த பேட்டரி புதியதைப்போல் கொள்ளாது என்பதையும் சேர்த்தால், தை மாதத்தில் தங்கைக்குக் கிடைப்பது நூற்றைம்பதுக்குப் பக்கம். அன்றாடத் தேவைக்கு மேல் முப்பது கிலோமீட்டர்தான் கையிருப்பு. அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் மின்னிணைப்பு கிடையாது. கடைத்தெருவில் இருக்கும் பொதுக் கம்பத்தில்தான் சார்ஜ் செய்தாக வேண்டும். அது எப்போதும் காலியாக இருக்காது.

2024 டிசம்பரில் விடுமுறை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். முதல் நாள் காலையிலேயே அவளோடு கிளம்பினேன். நோயாளியின் வீட்டுக்குள் நான் போவதில்லை, காரில் உட்கார்ந்திருப்பேன். அவள் ஹீட்டரை அணைத்துவிட்டு ஓட்டினாள். முன்கண்ணாடியில் எங்கள் மூச்சே படிந்து மறைத்தது. ஒரு கையால் துணிகொண்டு துடைத்தபடி மறு கையால் திருப்பினாள். கேட்டதற்கு, “ஹீட்டர் போட்டா சாயங்காலம் வீடு வந்து சேராதுண்ணே” என்றாள். பிறகு அவளே சொன்னாள்: “வண்டி நின்னுபோனாக்கூடப் பரவாயில்லை. கைதான் பிரச்சினை. வயசானவங்களுக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியாலதான் தேடணும். விரலே மரத்துப்போயிருந்தா எங்கே குத்துறது?” முந்தின வாரம் ஒரு மூதாட்டி அவள் கை பட்டதும் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாராம். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் முதலில் குழாயடிக்குப் போய் இரண்டு நிமிடம் வெந்நீரில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடன் வாங்கிப் பெட்ரோல் கார் எடுப்பதா, அல்லது இந்த வேலையையே விட்டு ஏதேனும் மருத்துவமனையில் சேர்ந்துவிடுவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் நினைக்கலாம். ஆனால் ஒரு பழக்கம் எங்களுக்கு உண்டு. எதையும் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். ஒவ்வொரு ஓட்டத்திற்கும் எத்தனை யூனிட் செலவு என்று காரின் திரை காட்டியதைக் குறித்துக்கொண்டே வந்தேன். ஹீட்டரை நான்தான் வற்புறுத்திப் போடவைத்திருந்தேன். நகருக்குள் ஐந்தைந்து கிலோமீட்டராக நோயாளி வீடுகளுக்குப் போகும் காலைகளில் நூறு கிலோமீட்டருக்கு 24 யூனிட் என்ற வீதத்தில் செலவு. ஒரு ஞாயிறன்று ஷாந்தியி கோட்டையைப் பார்க்க நிறுத்தாமல் போய்வந்தோம். அதே குளிர், ஹீட்டர் முழுக்க ஓடிற்று, ஆனால் வீதம் 17-தான். நீண்ட பயணம்தான் மின்காருக்குச் சோதனை என்று நினைத்திருந்த எனக்கு இது வியப்பாக இருந்தது.

காரணம் எளிது. ஒவ்வொரு வீட்டிலும் இருபது நிமிடம் நிற்கும்போது கார் ஆறிவிடுகிறது. கண்ணாடி, இருக்கை, தகடு என எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து சூடாக்க வேண்டும். காலைச் சுற்றில் இது பத்துப் பன்னிரண்டு முறை நடக்கிறது. பெட்ரோல் காரில் இந்தச் செலவு தெரியாது. எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது; மீதியெல்லாம் வெப்பமாக வெளியேறுகிறது. அந்த வீண் வெப்பத்தைத்தான் உள்ளே திருப்பிவிடுகிறார்கள். மின்மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. ஆகவே குளிர்காய வேண்டுமென்றால் ஓட்டத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஸோயேயில் ‘ஹீட் பம்ப்’ உண்டு. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டாற்போன்ற ஏற்பாடு; ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டு யூனிட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தை வெளிக்காற்றிலிருந்து இறைத்துத் தரும். குளிர் கடுமையாக ஆக, அதன் இறைப்பும் குறைந்துவிடும்.

அமெரிக்காவின் ‘ஏஏஏ’ என்னும் வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் ஐந்து மின்கார்களைச் சோதித்து வெளியிட்ட முடிவு இதை நறுக்கென்று சொல்கிறது. உறைநிலைக்கு ஏழு பாகை கீழே, ஹீட்டர் இல்லாமல் ஓட்டினால் தூரத்தில் 12 விழுக்காடு குறைவு. ஹீட்டரோடு ஓட்டினால் 41 விழுக்காடு. குளிர் தானாக எடுத்துக்கொள்வது எட்டில் ஒரு பங்குதான். மற்றதை நம் உடம்பு கேட்கிறது.

அந்த எட்டில் ஒரு பங்கைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் போதும். மார்கழியில் காரைக்காலில் இரவு வெப்பநிலை 22 பாகைக்கு இறங்கினால் குப்பியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். எண்ணெய் குறையவில்லை, ஒழுக மறுக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் திரவமும் குளிரில் தடிக்கிறது. லித்தியம் அயனிகளின் நடை தளர்கிறது. மேட்டூரில் நீர் இருந்தும் கடைமடைக்கு வந்து சேராதது போல என்று இங்கே ஒரு விவசாயியிடம் சொன்னால் உடனே விளங்கும், நாங்கள் கடைமடைக்காரர்கள். பேட்டரி சூடானதும் தேங்கியதில் பெரும்பகுதி மீண்டும் கைக்கு வருகிறது. பிரேக்கில் மீளும் மின்சாரத்தையும் குளிர்ந்த பேட்டரி முழுதாக ஏற்காது. உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும் என்பதால், காரின் கணினியே மடையை அடைத்துவிடுகிறது. இவை போக, குளிர்காற்று அடர்த்தியானது. 30 பாகையில் இருப்பதைவிட உறைநிலையில் ஏறக்குறைய 11 விழுக்காடு கூடுதல். டயரில் காற்றழுத்தமும் பத்துப் பாகைக்கு ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. இறங்கும்.

என்னிடமும் ஒரு மின்ஸ்கூட்டர் இருக்கிறது. காரைக்கால் குளிர் அதன் பேட்டரியை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மார்கழியில் தரங்கம்பாடிப் பக்கம் வடக்கு நோக்கிப் போனால் சார்ஜ் கரைவதும், திரும்பும்போது அவ்வளவாகக் கரையாததும் வருடந்தோறும் காண்பது. எதிரே அடிப்பது வாடை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே இருபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அது உணர்வது அறுபதின் எதிர்ப்பை. அதாவது இரண்டேகால் மடங்கு. வேகத்தை முப்பதாகக் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இலக்கணத்தில் மட்டும் நான் அறிந்திருந்த வாடையை யூனிட் கணக்கில் அறியவைத்தது இந்த ஸ்கூட்டர்தான்.

சார்செலில் காருக்குள் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் நெடுநல்வாடை அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் பாடம் சொல்லும் நூல். வியர்வையைத் துடைத்துக்கொண்டே குளிரைப் பற்றி நாற்பது பேருக்கு விளக்கும் விநோதத்தைக் கடற்கரைக் கல்லூரி ஆசிரியர்கள் அறிவார்கள். அதில் கோவலர்கள் நெருப்பில் கையைக் காய்ச்சுகிறார்கள், கன்னம் நடுங்குகிறது. ஊரார் குறுகிய வாயுள்ள கலத்தின் தண்ணீரைத் தொடுவதில்லை. அகன்ற வாயுள்ள தடவில், அதாவது கணப்புச் சட்டியில், நெருப்பை மூட்டிக்கொள்கிறார்கள். ஆடல் மகளிர் குளிரால் குரல் திரிந்த யாழ் நரம்புகளைத் தம் மார்பின் வெம்மையில் தடவிச் சூடேற்றிய பிறகே பண்ணுக்கு நிறுத்துகிறார்கள். கையையும் நரம்பையும் சூடாக்குகிறார்கள். மாளிகையின் காற்றை யாரும் சூடாக்கவில்லை. வகுப்பில் இவ்விடத்தைக் கொஞ்சம் கூச்சத்தோடு கடந்துவிடுவது வழக்கம். பல் கிட்டிக்கும் ஒரு காரில் அமர்ந்து நினைக்கையில் இது நல்ல பொறியியலாகத் தெரிந்தது.

தங்கையிடம் சொன்னேன். “சங்க இலக்கியத்துலயே ஸோயே ஓட்டியிருக்காங்கன்னு சொல்லுங்க” என்று சிரித்தாள். ஆனால் அன்று மாலையே இருக்கையின்மேல் போடும் சூடாகும் மெத்தை ஒன்றை வாங்கிவந்தோம். கணக்கைப் பாருங்கள். நாளில் மூன்று மணி நேரம் அவள் காரில் இருக்கிறாள். நிறுத்தி நிறுத்திச் சூடேற்றும் ஹீட்டர் அதில் ஐந்து யூனிட்டாவது எடுக்கும். அது முப்பது கிலோமீட்டர், அவளுடைய கையிருப்பு முழுவதும். ஐம்பது வாட் மெத்தை மூன்று மணி நேரத்திற்கு எடுப்பது 0.15 யூனிட், ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. முதுகும் தொடையும் சூடாக இருந்தால் விரல்களுக்கும் இரத்தம் ஓடுகிறது என்பதை அவளே எனக்கு விளக்கினாள். அது அவள் துறை. மெல்லிய உட்கையுறையும் போட்டுக்கொண்டாள். ஹீட்டர் இப்போது கண்ணாடியின் ஆவியைப் போக்குவதற்கு மட்டும், தேவையான நேரத்தில். அதை முற்றாக நிறுத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கண் தெரியாமல் ஓட்டிச் சேமிக்கும் யூனிட் யாருக்கு வேண்டும்?

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் சீக்கிரம் கிளம்ப வசதி என்று தெருவில் நிறுத்திவந்த காரை நிலத்தடிக்கு மாற்றினாள். அங்கே தெருவைவிடப் பத்துப் பாகை வெதுவெதுப்பு. சுற்று முடிந்த கையோடு, பேட்டரி ஆறுவதற்குமுன், கம்பத்துக்குப் போய்விடுகிறாள். இரவு பத்து மணிக்குப் போவதைவிட அப்போது வேகமாக ஏறுகிறது. டயருக்கு மாதம் இருமுறை காற்று. நெடுஞ்சாலைத் துண்டில் 110-க்குப் பதில் 90. நோயாளிகளின் வரிசையை மாற்றிப் பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒன்றாகச் சேர்த்ததில் ஒரு சுற்றுக்கு மூன்று நிறுத்தம் குறைந்தது. எல்லாவற்றிலும் இதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. இன்சுலின் நேரம் யாருக்காகவும் நகராது. நகரக்கூடியவர்களிடம் தனித்தனியாகப் பேசிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. கையை இழுத்துக்கொண்ட அந்த மூதாட்டி முதலில் ஒத்துக்கொண்டார். நான் ஊர் திரும்பும் வாரத்தில் மாலையில் 12 விழுக்காட்டோடு வந்துகொண்டிருந்த கார் 27, 28 என்று வந்தது. பெட்ரோல் கார் பேச்சு ஓய்ந்தது.

உண்மையில் பெரிய ஆதாயம் இன்னும் பாக்கியிருக்கிறது. கார் மின்னிணைப்பில் இருக்கும்போதே, புறப்படுவதற்கு அரை மணி முன்பு, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தால் உள்ளேயெல்லாம் சூடாக்கிவிடலாம். பேட்டரியில் கைவைக்க வேண்டாம். யாழ் நரம்பு விஷயம்தான். பொதுக் கம்பத்தில் விடியற்காலையில் காரைக் கட்டிப்போட முடியாது, வீட்டில்தான் இணைப்பு வேண்டும். நிறுத்துமிடத்தில் தனக்கென ஓர் இணைப்பைப் பெற அங்கே சட்டம் உரிமை தருகிறது. ஆனால் அவள் அடுக்ககத்தில் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்தே கம்பி இழுப்போம், செலவைப் பங்கிடுவோம் என்கிறார்கள். அதற்கு உரிமையாளர் பொதுக்கூட்டம் வாக்களிக்க வேண்டும். ஒருமுறை தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டம் மார்ச் கடைசியில் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாள். அதற்குள் அங்கே குளிர் விட்டிருக்கும், மெத்தையைக்கூட எடுத்து வைத்திருப்பாள். “அப்ப யாரு வந்து கை தூக்கப்போறாங்க?” என்றாள். குளிர் நாளொன்றின் யூனிட் கணக்கை என் குறிப்பேட்டிலிருந்து படியெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பிரெஞ்சில் மாற்றிக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுப்பாளாம்.