மாப்பிள்ளை குடிபுகும் வீடு

திருமணம் என்றதும் பெண்ணொருத்தி பிறந்தகம் நீங்கிப் புக்ககம் செல்லும் காட்சியே தமிழ் கற்போர் மனத்தில் எழுவது இயல்பு. தாய்வீட்டைப் பிரிபவள் பெண். புதிய வீட்டின் வழக்கங்களைக் கற்று அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்பவளும் அவளே. ஆயின் இலங்கையின் கிழக்கே, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக வரிசையுற்று நிற்கும் முஸ்லிம் ஊர்களில் இக்காட்சி மாறி நிகழ்கின்றது. அங்கு வீட்டை விட்டுப் புறப்படுபவன் மணமகனே. மனைவியின் தாய்வீட்டிலேயே அவனுடைய இல்லறம் தொடங்குகின்றது. பெண் தான் பிறந்து வளர்ந்த வளவிலேயே மனைவியாகவும் தாயாகவும் வாழ்கின்றாள்.

இவ்வழக்கத்தின் வேர் தாய்வழிக் குடி அமைப்பிலே உள்ளது. இங்கு ஒருவனுடைய குடி எதுவென வினவினால் அவன் தன் தாயின் குடியையே கூறுவான். ஒரே குடியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் மணம் செய்தல் ஆகாது என்பது நெடுங்கால மரபு. பள்ளிவாசல் நிருவாகத்திலே மரைக்கார்மார் தத்தம் குடியின் சார்பிலேயே இடம்பெற்று வந்தனர். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே தாய்வழிக் குடிமுறை நிலவி, கோயில் உரிமைகளை வகுத்து வந்துள்ளது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரிலே துணைநின்ற முஸ்லிம்கள் முக்குவர் குலப் பெண்களை மணந்தனர் என்றும், குடிகள் அவ்வாறே வந்தன என்றும் செவிவழிக் கதை கூறும். கதையின் உண்மை எதுவாயினும், சமயத்தால் வேறுபட்ட இரு மக்கள் வீட்டு அமைப்பால் ஒன்றுபட்டுள்ளனர் என்பது மறுக்கவியலாதது. இது இக்கரையோரத்துக்கு மட்டும் உரிய புதுமையும் அன்று. தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும், வடமலபாரின் மாப்பிள்ளைமாரிடையேயும், மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களிடையேயும் இசுலாமும் தாய்வழி மரபும் பன்னெடுங்காலம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துள்ளன.

எழுதப்பட்ட சட்டம் இதனின்றும் வேறு திசையில் நிற்கின்றது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம், இறந்தவரின் சொத்து சமயநெறிப்படி பங்கிடப்பட வேண்டும் என்றது. அந்நெறியில் மகனின் பங்கு மகளின் பங்கைப்போல் இரு மடங்கு. ஆனால் இவ்வூர்களில் தந்தை உயிரோடிருக்கும்போதே வீட்டையும், இயன்றால் வயலையும் பெண்மக்களுக்கு எழுதிவிடுகின்றார். பங்கிடுங் காலம் வரும்போது பங்கிடுவதற்குப் பெரிதாக எதுவும் எஞ்சுவதில்லை.

இத்தகைய ஊரொன்றுக்கு, கச்சான் காற்று வீசும் ஆனி மாதத்து வார இறுதியொன்றில், மலைநாட்டிலிருந்து ஓர் இளைஞன் தன் தாயுடனும் மூத்த சகோதரியுடனும் வந்தான். அவன் ஆசிரியன். அவனும் அவ்வூர்ப் பெண்ணும் பல்கலைக்கழகத்தில் ஒரே பீடத்தில் பயின்றவர்கள். இரு வீட்டாரும் மனமொத்துப் பேச்சை முடித்திருந்தனர். நாள் குறிப்பதே எஞ்சியிருந்தது. மகியங்கனை வழியாக இறங்கி அம்பாறையைக் கடந்த பேருந்து, சிறுபோக வயல்களின் நடுவே ஓடிக் கரையோரத்தை அடைந்தபோது வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

அவ்வீட்டில் அவனுக்குக் கிடைத்த வரவேற்புக்குக் குறைவில்லை. சஹனில் சோறு வந்தது. எருமைத் தயிரும் வட்டிலப்பமும் தொடர்ந்தன. பெண்ணின் வாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். மூத்த மகளின் வீடு அடுத்த வளவிலே. இரு வளவுக்கும் இடையிலான மதிலில் ஒரு சிறு வாயில் திறந்தே கிடந்தது. மூத்த மருமகன் அவ்வாயிலால் வந்து, ஆண்டுகள் பல அவ்வீட்டில் பழகியவனுக்குரிய உரிமையோடு பாயில் அமர்ந்தான். பெண்ணின் உடன்பிறந்தான் கட்டாரில் தொழில் செய்பவன். சகோதரிகளின் வீடு முடியும் வரை தன் திருமணத்தைத் தள்ளிவைத்திருந்தான். இளையவள் உயர்தர வகுப்பு மாணவி. தனக்கு மனைவியாக வரவிருப்பவளை அவன் கண்டதெல்லாம் உம்மாவும் ராத்தாவும் உடனிருக்கும் மண்டபத்திலேதான். பல்கலைக்கழகத்தில் விரிவுரைக் குறிப்புகளைப் பற்றி மணிக்கணக்கில் வாதிட்டவர்கள், இங்கு தேநீர்க் கோப்பையை நீட்டவும் வாங்கவுமே சொற்களைத் தேடினர்.

சனிக்கிழமை காலை சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது, அவன் வீட்டின் பின்புறம் சென்றான். குசினிச் சுவரோடு ஒட்டிப் புதிதாக ஒரு பத்தி எழுந்துகொண்டிருந்தது. கல் மூன்றடி உயரம் வந்திருந்தது. ஓர் அறை, அதற்குள் ஒரு கட்டில் போட மட்டும் இடம். பிந்தி வந்த வாப்பா அவன் நிற்பதைக் கண்டு அருகே வந்தார்.

“இது எங்களுக்கு மகன். நானும் உம்மாவும் இதுக்குள்ள இருந்துக்குவம். பெரிய வீடு உங்க ரெண்டு பேருக்கும். வயசான ரெண்டு சீவனுக்கு எவ்வளவு இடம் வேணும்?”

அவர் மனக்குறையோடு அதனைக் கூறவில்லை. செய்து முடிக்கவேண்டிய கடமையொன்று முடிவை நெருங்குகின்றது என்ற நிறைவே அக்குரலில் இருந்தது. இளைஞனுக்கோ அச்சுவரைத் தாண்டிப் பார்வை செல்லவில்லை. அறுபது வயதைக் கடந்த ஒருவர், தாம் கட்டிய வீட்டின் முன்வாசலைத் தமக்கு விட்டுக்கொடுத்துக் குசினிக்குப் பின்னே ஒதுங்கப்போகின்றார். தான் ஒரு சதம்கூடக் கேட்கவில்லை என்பதில் அதுவரை அவன் கொண்டிருந்த பெருமிதம் அவ்விடத்தில் பயனற்றுப்போயிற்று. கேளாமலே கொடுக்கும் ஏற்பாட்டில், கேட்காதிருப்பது பெரிய நன்மை எதனையும் செய்துவிடுவதில்லை.

அன்று மாலை அவன் தன் முடிவை மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் கூறினான். வீடு தனக்கு வேண்டாம். கல்முனையில் வாடகை வீடொன்று போதும். இருவருக்கும் சம்பளம் உண்டு. வாப்பா தலைகுனிந்தார். மூத்தவளுக்குக் கொடுத்தவர் இவளுக்குக் கொடுக்கவில்லை என்று ஊர் பேசும் என்பதே அவருடைய அச்சம். அவனுடைய ராத்தா தம்பியைப் பெருமையோடு நோக்கினாள். அப்போது, அதுவரை பேசாதிருந்த அப்பெண் வாய்திறந்தாள்.

“வீடு வேணாம் எண்டு சொன்னா ஊர் உங்களைப் புகழும். நல்ல மனிசன் எண்டும் சொல்லும். நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தா நான் எந்த வீட்டுக்குப் போறது? நீங்க வேணாம் எண்டு சொன்னது உங்கட வீட்டை இல்ல.”

மண்டபம் அமைதியாயிற்று. மணநாள் குறிக்கப்படாத பெண் ஒருத்தி இவ்வாறு பேசுதல் அங்கு வழக்கமன்று. ஆயினும் அவளை எவரும் தடுக்கவில்லை. மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த உம்மம்மாவே அடுத்துப் பேசினார்.

“ஊட்டைக் கடல் கொண்டு போச்சு மகன். பிறகு தந்த ஊட்டுல என்ட மகள்ட பேரு இல்ல.”

அச்சொற்களின் பின்னே ஒரு வரலாறு இருந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரைத் தெருவில் உம்மம்மா தம் திருமணத்தின்போது பெற்று, பின்னர் தம் மகளுக்கு எழுதிக்கொடுத்த வீடும் அன்று தரைமட்டமாயிற்று. ஐந்து வயதுச் சிறுமியாக இருந்த அப்பெண்ணை மூத்த வாப்பா தோளிற் சுமந்து பிரதான வீதிக்கு மேற்கே ஓடினார். கிழக்கு மாகாணத்தில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தது. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்துவிட்டன. உதவி பெறுவதற்கான படிவத்திலே ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் வாப்பாவின் பெயர் எழுதப்பட்டது. புதிய வீட்டின் உறுதியும் அவர் பெயரிலேயே வந்தது. எவரும் தீங்கு நினைத்து அதனைச் செய்யவில்லை. வீட்டுக்குத் தலைவர் ஆண் என்பது படிவத்தை அச்சிட்டவர்களுக்கு ஐயமற்ற உண்மையாக இருந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற உரிமை, அந்த ஒரு கட்டத்தில் அறுந்துபோயிற்று. இக்கரையோரம் எங்கும் இது நிகழ்ந்தது. பேரலைக்குப் பின்னர் இப்பகுதியை ஆய்ந்தவர்களும் பெண்ணுரிமைக்காகக் குரலெழுப்பியவர்களும் இதனைச் சுட்டிக்காட்டினர்.

அன்றிரவு இளைஞன் உறங்கவில்லை. சீதனம் ஒரு கொடுமை என்று பல்கலைக்கழக மேடையில் பேசியவன் அவன். அப்பேச்சு பொய்யன்று. மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடுகளைக் கட்டவேண்டும். அதற்காக வயல் விற்கப்படுகின்றது. ஆண்மக்கள் பாலைவன நாடுகளில் இளமையைச் செலவிடுகின்றனர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், ஒரு தலைமுறைக்கு ஒரு வளவு இரண்டாகப் பிளந்து, இனிப் பிளக்க இடமில்லாமற்போக, நெல்வயலை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டும் நிலையும் வந்துவிட்டது. நிலம் மலிந்த காலத்தில் எளிதாயிருந்த வழக்கம், நிலம் அருகிய காலத்தில் பெற்றோரைப் பின்பத்திக்குத் தள்ளுகின்றது. இவை அனைத்தும் உண்மையே. ஆனால் அவள் கூறியதும் உண்மையே. மணவிலக்குப் பெற்ற பெண்ணும் கைம்பெண்ணும் தெருவில் நிற்காதிருக்க இம்மரபு ஒரு கூரையைத் தந்துள்ளது. மணவறைக்கு வந்த ஆண் மனம் மாறினால் வெளியேற வேண்டியவன் அவனேயன்றி அவள் அல்லள்.

சட்டத்தின் பக்கமிருந்து நோக்கினாலும் அவளுடைய அச்சம் காரணமற்றதன்று. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தை நிபந்தனையாக்காமலே இயற்றப்பட்டது. அவள் சார்பில் வலியின் சம்மதம் போதுமாயிருந்தது. மணமகன் பெற்ற கைக்கூலியை மனைவி காதி நீதிமன்றில் திருப்பிக் கோர அதே சட்டம் வழிவைத்தது என்பதும் உண்மை. எனினும் வழக்காடிப் பெறும் உரிமை வேறு. தன் பெயரில் எழுதப்பட்ட வீட்டின் திறப்பு வேறு.

ஞாயிறு காலை மீண்டும் பேச்சு நிகழ்ந்தது. இம்முறை அவனே அவளுடைய கருத்தைக் கேட்டான். அவள் முந்திய இரவே அதனை எண்ணி வைத்திருந்தாள். வீட்டின் உறுதி முதலில் உம்மாவின் பெயருக்கு மாறவேண்டும். உம்மாவுக்குப் பின் அது தனக்கும் தங்கைக்கும் சமமாக வரவேண்டும். வாப்பாவும் உம்மாவும் தம் அறையைவிட்டு நகரலாகாது. தாங்கள் இருவரும் உழைத்து மேல்தளத்தில் கட்டும் பகுதி தன் பெயரில் இருக்கட்டும். பத்தியின் சுவர் எழுந்தவரை எழுந்தது, அதனைக் களஞ்சியமாக்கலாம். கட்டாரிலிருந்த காக்காவும் தொலைபேசியில் இதனைக் கேட்டுச் சம்மதித்தான். இனித் தன் திருமணத்தைப் பற்றி எண்ணலாமா என்று அவன் சிரித்தவாறு கேட்டதாக உம்மா கூறினார்.

வாப்பா உடனே இசையவில்லை. கொடுக்க முன்வந்த கையை மடக்குவது அவருக்கு எளிதன்று. “நொத்தாரிசுகிட்டப் பேசிப் பார்ப்பம்” என்று மட்டும் கூறி வெளியே சென்றார். சிறுபோக அறுவடை முடிந்தபின் நிக்காஹ் என்று நாள் குறிக்கப்பட்டது.

இவ்வளவிலும் ஒருவருடைய இழப்பு எவராலும் பேசப்படாமல் இருந்தது. அவனுடைய தாய் கணவனை இழந்தவர். அவருக்கு அவன் ஒரே மகன். மருமகள் வீட்டுக்கு வருவாள் என்று எண்ணி மலைநாட்டில் ஓர் அறைக்கு வர்ணம் பூசி வைத்திருந்தார். புறப்படும் வேளையில் சம்பந்தியின் கையைப் பற்றி, மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளை அனுப்பிவைக்குமாறு வேண்டினார். உம்மா அவரை அணைத்துக்கொண்டு, “நீங்களும் இஞ்ச வந்து இருங்களேன் மதினி” என்றார். அது உபசார வார்த்தை அன்று. ஆனால் அவர் வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். பெண் பிரிந்து செல்லும் ஊர்களில் பெண்ணைப் பெற்றவள் அழுகின்றாள். இங்கு ஆணைப் பெற்றவள் அழுகின்றாள். பிரிவை முற்றாக நீக்கும் மண முறையை எச்சமூகமும் இன்னும் கண்டதில்லை.

கற்ற இளைஞர் தம் ஊர் வழக்கங்களை விசாரணை செய்யத்தான் வேண்டும். ஆயின் ஒரு வழக்கத்தை வெட்டுமுன், அதன் நிழலில் நிற்பவர் யார், அதன் சுமையைத் தாங்குபவர் யார் என்ற இரண்டையும் வேறுவேறாகக் காணுதல் அவசியம். வீடு மணமகனுக்கு விலையாகும்போது அது பெற்றோரை நசுக்குகின்றது. பெண்ணுக்கு உரிமையாகும்போது அவளைக் காக்கின்றது. ஒரே சுவரும் ஒரே கூரையுமே இரண்டாகவும் இருத்தல் கூடும். வேறுபாடு உறுதியில் எழுதப்படும் பெயரிலும், அது எழுதப்படும்போது யாருடைய சொல் கேட்கப்படுகின்றது என்பதிலும் தங்கியுள்ளது.